இல்லாதவன் வீட்டில் இன்பத்திற்கு இடமுண்டா?

கோடை பிறந்துவிட்டால் நம் ஊர்களில் இரண்டு வகையான வீடுகளைக் காணலாம். வசதியுள்ள வீடுகளில், "இவ்வாண்டு ஊட்டிக்கா, கொடைக்கானலுக்கா?" என்ற பேச்சு நடக்கும். வசதியற்ற வீடுகளில் பேச்சே இராது. பெருமூச்சு மட்டும் இருக்கும். சிமெண்ட் அட்டை வேய்ந்த கூரையின் கீழ், கத்திரி வெயிலில், அடுப்படியில் நின்று வேகும் பெண்மணி, "நம்மை எங்கே அழைத்துக்கொண்டு போகப் போகிறார்?" என்று தன் மனத்திற்குள் கேட்டுக்கொள்வாள். அதற்கு விடையையும் தானே சொல்லிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். கணவனைக் கேட்டாலோ, அவனிடம் ஆயத்தமாக ஒரு விடை உண்டு: "கையில் காசு இல்லை!"

இந்த விடையைத்தான் நாம் இங்கே சற்று ஆராய விரும்புகிறோம். அது பொய்யான விடை என்று சொல்வதற்கில்லை. கோடை என்பது கைப்பொருள் கரையும் காலம். மே மாதம் முடிந்தால் பள்ளிக்கூடம் திறக்கும். கட்டணம், நோட்டுப் புத்தகம், சீருடை என்று வரிசையாக நிற்கும். பிறைக் கணக்கின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாட்கள் முன்னே வரும் ஹஜ்ஜுப் பெருநாளும் இவ்வாண்டுகளில் கோடையை ஒட்டியே வருகிறது. 2024-ஆம் ஆண்டில் நம் நாட்டில் அது ஜூன் 17. 2025-இல் ஜூன் 7. கூலி வேலை செய்பவனும், சிறு கடை வைத்திருப்பவனும், தோல் தொழிற்சாலையில் நாட்சம்பளம் வாங்குபவனும் இத்தனை செலவுகளுக்கும் நடுவே மனைவியுடன் உல்லாசப் பயணம் போவது எப்படி?

கேள்வி நியாயமானதே. ஆனால் இதற்குள் வேறொரு கேள்வி மறைந்திருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து உள்ளம் மகிழ்ந்திருப்பது இல்லறத்தின் தேவையா? அன்றி, பணம் படைத்தவர்களுக்கு மட்டும் உரிய ஆடம்பரமா? ஆடம்பரம் என்றால், இல்லாதவன் அதை மறந்துவிடுவதே அறிவுடைமை. தேவை என்றாலோ, காசில்லை என்று சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது. அரிசி வாங்கக் காசில்லையென்றால் சோறே வேண்டாம் என்று யாரும் இருந்துவிடுவதில்லை அல்லவா? விலை குறைந்த அரிசியைத் தேடுகிறோம். அதுபோல இதற்கும் வழி தேடத்தான் வேண்டும்.

மூன்று படிகள்

மார்க்கச் சட்டத்தின் அடிப்படைகளை ஆராய்ந்த இமாம்கள், மனிதனுக்கு வேண்டியவற்றை மூன்று படிகளாக வகுத்தார்கள். ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், அவர்களுக்குப் பின் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த இமாம் ஷாதிபி (ரஹ்) அவர்களும் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். எவை இல்லாமல் வாழ்வே நில்லாதோ அவை முதற்படி. அவற்றை 'ளரூரிய்யாத்' என்பர். எவை இல்லாவிட்டால் வாழ்வு நடக்கும், ஆனால் துன்பமும் நெருக்கடியும் மிகுந்து நடக்குமோ அவை இரண்டாம் படி, அவை 'ஹாஜிய்யாத்'. வாழ்வுக்கு அழகும் மெருகும் சேர்ப்பவை மூன்றாம் படி, அவை 'தஹ்ஸீனிய்யாத்'.

நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இம்மூன்றில் எங்கே நிற்கிறது? மேலோட்டமாகப் பார்ப்பவர் மூன்றாம் படியில் என்று சொல்லிவிடுவார். ஆனால், இங்கே இரண்டு பொருள்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன என்பதே நம் கருத்து. மலைவாசத்தலம், விடுதி அறை, வாடகைக் கார், புதுத்துணி ஆகிய இவையெல்லாம் மூன்றாம் படியைச் சேர்ந்தவை, சந்தேகமில்லை. ஆனால் கணவன் தன் வேலையை விட்டு, மனைவி தன் அடுப்படியை விட்டு, இருவரும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துச் சிறிது நேரம் இருப்பது இருக்கிறதே, அது இரண்டாம் படியைச் சேர்ந்தது. அது இல்லாமலும் குடும்பம் நடக்கும். ஆனால் எப்படி நடக்கும்? எண்ணெய் வார்க்காத வண்டிச் சக்கரம் போலக் கிறீச்சிட்டுக்கொண்டு நடக்கும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம்முடைய 'இஹ்யா'வில் திருமணத்தால் விளையும் நன்மைகளை ஐந்தாக எண்ணுகிறார்கள். அவற்றுள் ஒன்று, துணையோடு அமர்ந்தும் பேசியும் விளையாடியும் உள்ளம் இளைப்பாறுவது. அந்த இளைப்பாறுதலால் உள்ளம் வணக்கத்திற்கு வலுப்பெறுகிறது என்கிறார்கள். மக்கட்பேறும் கற்புநெறியும் வைக்கப்பட்டிருக்கும் அதே பட்டியலில் இதையும் வைத்திருக்கிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். வசதியுள்ளவர்களுக்கு மட்டும் என்று அவர்கள் அங்கே எதுவும் சொல்லவில்லை.

ஏழைகள் செய்யும் தவறும், அவர்களைப் பார்த்துப் பிறர் செய்யும் தவறும் ஒன்றுதான். மூன்றாம் படிக்குக் காசில்லை என்பதால் இரண்டாம் படியையும் சேர்த்து இழந்துவிடுகிறார்கள்.

அடுப்பெரியாத வீடு

இதற்கு நாம் தொலைதூரம் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்தையே பார்க்கலாம்.

அது எப்படிப்பட்ட இல்லம்? இரண்டு மாதங்களில் மூன்று பிறைகளைக் கண்டுவிட்ட பின்பும் தங்கள் வீடுகளில் அடுப்பில் நெருப்பு மூட்டப்படாமலே இருந்ததுண்டு என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரியின் மகனாரிடம் சொல்லியிருக்கிறார்கள். பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவு. அண்டை வீட்டு அன்ஸாரிகள் அனுப்பும் பால் எப்போதாவது கிடைக்கும். அறையோ மிகச் சிறியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் தொழுகையில் நின்று ஸுஜூதுக்குப் போகும்போது, படுத்திருக்கும் அன்னையார் தம் கால்களை மடக்கிக்கொள்வார்களாம். அப்போதுதான் நெற்றி வைக்க இடம் கிடைக்கும். வீட்டில் விளக்கும் இல்லை.

அந்த இல்லத்துத் தலைவர்தாம், ஒரு பயணத்தின்போது உடன் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, தம் மனைவியாருடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள்! முதல் முறை அன்னையார் வென்றார்கள். காலம் சென்று, அன்னையாரின் உடல் சற்றுப் பருத்தபின் மீண்டும் ஒருமுறை ஓடினார்கள். இம்முறை பெருமானார் வென்றார்கள். முன்னே தோற்றதற்கு இது ஈடாயிற்று என்று சொல்லிச் சிரித்தார்கள்.

ஒரு பெருநாளன்று மதீனாப் பள்ளியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடினார்கள். அன்னையாருக்கு அதைக் காண ஆசை. நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் அவரை மறைத்துக்கொண்டு நின்றார்கள். அன்னையாருக்கே போதும் என்று தோன்றும் வரையில் பெருமானார் அசையவில்லை. இளம் வயதுப் பெண்ணுக்கு விளையாட்டுப் பார்ப்பதில் எவ்வளவு ஆசை இருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிற்காலத்தில் அன்னையாரே இதைக் கேட்டவர்களிடம் சொன்னார்கள்.

பந்தயத்திற்கு என்ன செலவு? ஈட்டி விளையாட்டுக்கு என்ன கட்டணம்? ஒரு திர்ஹமும் இல்லை. அங்கே செலவானது நேரம். அரசும் படையும் வழக்கும் வஹீயும் தம் தோள்மீது இருந்த ஒருவர், கால் கடுக்க நின்று கொடுத்த நேரம்! அடுப்பெரியாத வீட்டில் சிரிப்பொலி இருந்தது. அடுப்பு மூன்று வேளையும் எரியும் நம் வீடுகளில் அது ஏன் இல்லை என்பதே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

"இவரும் வரலாமா?"

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் மற்றொரு நிகழ்ச்சி நம் மேடைகளில் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. பெருமானாரின் அண்டை வீட்டில் பாரசீகர் ஒருவர் இருந்தார். குழம்பு சமைப்பதில் கைதேர்ந்தவர். ஒருநாள் சமைத்து வைத்துவிட்டு நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைக்க வந்தார். பெருமானார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைக் காட்டி, இவரும் வரலாமா என்று கேட்டார்கள். அவர் இல்லை என்றார். அப்படியானால் நானும் வரவில்லை என்றார்கள் பெருமானார். அவர் மீண்டும் அழைத்தார். மீண்டும் அதே கேள்வி, அதே மறுப்பு. மூன்றாம் முறை அவர் ஆம் என்றார். உடனே இருவரும் எழுந்து, ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டுக்கு நடந்து போனார்கள்.

எளிய நிகழ்ச்சிதான். ஆனால் நம் பழக்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நண்பன் வீட்டில் பிரியாணி என்றால் நாம் மட்டும் போய் வருகிறோம். கூட்டாளிகளோடு தோப்புக்கும் குளத்துக்கும் நாம் மட்டும் போகிறோம். திரும்பி வந்து, சாப்பாடு எப்படியிருந்தது என்பதை மனைவியிடம் வருணிக்கவும் செய்கிறோம்! அடுப்பு எரியாத வீட்டில் இருந்தவருக்கு மணக்கும் குழம்பின் அழைப்பு வந்தது. மனைவிக்கு இல்லாத இன்பம் தமக்கும் வேண்டாம் என்று இரண்டு முறை மறுத்தார்கள். இதிலுள்ள பாடம் கருத்துள்ளவர்களுக்குப் போதும்.

தேநீர்க்கடைக் கணக்கு

இனி, "கையில் காசு இல்லை" என்ற விடைக்கு வருவோம்.

நாம் ஒரு சிறு கணக்குப் போடுவோம். அஸருக்குப் பின் ஒரு தேநீர், இஷாவுக்குப் பின் ஒரு தேநீர். கடையோரம் நின்று நண்பர்களோடு அரை மணி நேரம் ஊர்க்கதை. தேநீர் 15 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 30, மாதத்திற்கு 900. வடையையும் நண்பனுக்கு வாங்கிக் கொடுப்பதையும் நாம் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த 900 ரூபாய்க்கு எந்தக் கணவனும் பெயர் வைப்பதில்லை. அதைச் செலவு என்றுகூட எண்ணுவதில்லை.

இப்போது மறுபக்கம். சென்னையில் இராயப்பேட்டையிலோ திருவல்லிக்கேணியிலோ குடியிருக்கும் ஒரு தம்பதியர் மெரினாக் கடற்கரைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழக அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்று ஆயிற்று. ஆகவே கணவனுக்கு மட்டுமே டிக்கெட். கடற்கரையில் இருவருக்கும் சுண்டல், ஆளுக்கொரு மோர் அல்லது பகிர்ந்துகொள்ள ஓர் இளநீர். எப்படிப் பார்த்தாலும் 150 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதாவது, தேநீர்க்கடையின் ஒரு மாதக் கணக்கில் ஆறு மாலைப் பொழுதுகள் அடங்குகின்றன!

தேநீர் குடிப்பது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. உழைப்பவனுக்கு நண்பர்களும் வேண்டும், ஓய்வும் வேண்டும். ஆனால் அவனுக்கு அன்றாடம் ஓர் உலாவுதல் இருக்கிறது. அதற்குக் காசும் கிடைக்கிறது, நேரமும் கிடைக்கிறது. காசில்லை என்ற சொல் மனைவியின் முறை வரும்போது மட்டும் வருகிறதே, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம். பல வீடுகளில் குறைவது பணமன்று. மனைவியும் ஒரு மனுஷி, அவளுக்கும் சலிப்பு உண்டு என்ற நினைவே குறைகிறது.

அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தார்கள். அவர்களைக் காண வந்த ஸல்மான் ஃபாரிஸி (ரலி) அவர்களின் கண்ணில் முதலில் பட்டது, அவ்வீட்டு அம்மையாரின் வாடிய தோற்றமும் பழைய உடையும்தான். விருந்தாளி கண்டதைக் கணவர் காணவில்லை! இறைவனுக்குச் செலுத்த வேண்டிய உரிமை இருப்பதைப் போலவே, உன் உடலுக்கும் உன் குடும்பத்தாருக்கும் செலுத்த வேண்டிய உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) எடுத்துச் சொன்னார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று அண்ணலார் (ஸல்) அவர்களும் ஒப்புதல் அளித்தார்கள். வணக்கத்தில் மூழ்கி மனைவியை மறப்பதே திருத்தப்பட வேண்டிய குறை என்றால், தேநீர்க்கடைப் பேச்சில் மறப்பதை என்னவென்று சொல்வது?

கடன் வாங்கிக் காணும் காட்சி

ஒரு பக்கம் இப்படி என்றால், மறுபக்கம் வேறொரு கேடும் வளர்ந்து வருகிறது. அடுத்த வீட்டார் மலைக்குப் போய்ப் படம் எடுத்துக் கைப்பேசியில் ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள். அதைக் கண்ட இளந்தம்பதியர், தாங்களும் போயாக வேண்டும் என்று கிளம்புகிறார்கள். கையில் இல்லையென்றால் கடன், நகை அடகு, அட்டையில் தவணை.

நான்கு நாள் பயணத்திற்கு 30,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 600 ரூபாய் வட்டி மட்டும்; அசல் அப்படியே நிற்கும். ஓராண்டில் வட்டி 7,200. மலையின் குளிர் இறங்கிய மறுநாளே மறைந்துவிடும். வட்டியின் சூடு ஆண்டு முழுவதும் இருக்கும். வட்டி கொடுப்பதும் வாங்குவதும் இறைவன் விலக்கியவை என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனைவியை மகிழ்விக்கப் போய் அவள் உண்ணும் உணவில் வட்டியைக் கலப்பது எவ்வகை மகிழ்ச்சி?

போன இடத்திலாவது நிம்மதி உண்டா? ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கோடையில் வாகனக் கூட்டம் தாங்காமல், 2024 மே மாதத்தில் உயர்நீதிமன்ற ஆணையின்படி இ-பாஸ் முறையையே கொண்டுவர வேண்டியதாயிற்று. வளைவுக்கு வளைவு வண்டியில் காத்திருந்து, கூட்டத்தில் இடிபட்டு, எல்லாவற்றுக்கும் சீசன் விலை கொடுத்து, கடன் நினைவோடு திரும்பும் கணவன் வழியெல்லாம் மனைவியிடம் எரிந்து விழுவான். அவள் கேட்டது மலையையா? அவள் கேட்டது அவனையல்லவா?

அருளாளனின் நல்லடியார்கள் செலவிடும்போது வீண்விரயமும் செய்யமாட்டார்கள், கஞ்சத்தனமும் செய்யமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே நிற்பார்கள் என்பது திருமறை காட்டும் வழி. நாமோ இந்த வழியின் பாதியை மட்டுமே மனனம் செய்திருக்கிறோம். வீண்விரயத்தைப் பற்றி மனைவிக்கு உபதேசம் செய்பவன், கஞ்சத்தனத்தைப் பற்றிச் சொல்லப்பட்டது தனக்கு என்பதை மறந்துவிடுகிறான்.

எங்கே போவது? எப்படிப் போவது?

"சரி, வழியைச் சொல்லுங்கள்" என்று வாசகர்கள் கேட்பது நம் காதில் விழுகிறது.

முதலில், பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். காயல்பட்டினத்தார் மாலையானால் குடும்பத்தோடு கடற்கரை மணலில் வந்து அமர்கிறார்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை. நாகூர், தரங்கம்பாடி, கீழக்கரை, பரங்கிப்பேட்டை என்று நம்மவர் வாழும் ஊர்களுள் எத்தனை கடலோர ஊர்கள்! தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அதைக் காண வெளிநாட்டார் வருகிறார்கள். உள்ளூரில் வாழ்க்கைப்பட்டு வந்து பல ஆண்டுகள் ஆகியும் அதன் பக்கம் போகாத பெண்கள் இருப்பார்கள்.

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஏலகிரி மலை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், பதினான்கு வளைவுகள். காலையில் பேருந்தில் ஏறினால் மாலையில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்; விடுதிச் செலவு இல்லை. சேலத்தார்க்கு ஏற்காடு அப்படியே. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்தார் சற்றுப் பொறுத்தால் நல்லது. குற்றாலத்து அருவிக்குத் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூனில்தான் களை கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் போய் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வருவானேன்? சென்னைவாசிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு பகற்பொழுதை நிழலிலேயே கழிக்கலாம். 1851-இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் நிலையம் அது. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கோடையில் வெளியே செல்லும் நேரம் அஸருக்குப் பின்தான். வெயில் தாழ்ந்திருக்கும். தொழுகையை முடித்துவிட்டுப் புறப்பட்டால் மனத்தில் உறுத்தல் இராது. மஃரிபுக்கு எந்தப் பள்ளி பக்கத்தில் இருக்கிறது, அங்கே பெண்கள் தொழ இடம் உண்டா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு முஸல்லாவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டால் போதும். ஒளுவோடு புறப்படுவது இன்னும் நல்லது. பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது அல்லவா? கணவன் பள்ளிக்குள் நுழைந்துவிட, மனைவி வாசலில் செருப்புக் காவலாக நிற்பது உலாவும் ஆகாது, நீதியும் ஆகாது.

வெளியே போகவே முடியாதவர்களும் உண்டு. கைக்குழந்தை இருக்கும், நோயாளி இருப்பார், இரண்டு வேலை பார்க்கும் கணவன் இருப்பான். அவர்களுக்கும் வானம் இருக்கிறது. பிறை 13, 14, 15 ஆகிய நாட்களில் நம்முள் பலர் ஸுன்னத்தான நோன்பு வைப்பது வழக்கம். அந்த இரவுகள்தாம் நிலவு நிறைந்த இரவுகள். உடல் இடம் கொடுத்தால் இருவரும் சேர்ந்து நோன்பு வைத்து, மொட்டை மாடியில் பாய் விரித்து, பேரீச்சம்பழமும் நன்னாரி சர்பத்துமாக நோன்பு திறந்து பாருங்கள். வணக்கமும் ஆயிற்று, இளைப்பாறலும் ஆயிற்று. எந்த விடுதியும் இதை விலைக்குத் தர முடியாது.

திரையரங்கைப் பற்றியும் கேட்பார்கள். அதன் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாம் சொல்வது வேறு. மூன்று மணி நேரம் இருட்டில் அருகருகே அமர்ந்து இருவரும் மூன்றாமவர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படிச் சேர்ந்திருப்பது ஆகும்? கடற்கரைக்குப் போய் ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அப்படியே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதினொரு பெண்கள் தத்தம் கணவர்களைப் பற்றிச் சொன்ன நீண்ட கதையொன்றைச் சொல்ல, பெருமானார் கடைசி வரை செவிமடுத்திருந்தார்கள். பயணங்களில் இரவானால் அவர்களோடு பேசிக்கொண்டே போவார்கள். செலவில்லாத கேளிக்கை பேச்சுதான். ஆனால் அதற்குக் கேட்கும் காது வேண்டும்.

கட்டுச்சோற்றை யார் கட்டுவது?

சிக்கனத்திற்கு முதல் வழி வீட்டுச் சாப்பாட்டை எடுத்துச் செல்வது என்று எல்லாரும் சொல்வார்கள். நாமும் சொல்கிறோம். உணவு விடுதியில் இருவர் உண்ணும் பணத்தில் வீட்டில் இரண்டு நாள் சமைக்கலாம். ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. ஏலகிரிக்குப் போவதற்காக மனைவி தஹஜ்ஜுத் நேரத்திலேயே எழுந்து, புளிச்சோறு கிளறி, முட்டை அவித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுக் களைத்துப்போய்ப் பேருந்தில் ஏறினால், அது யாருக்கு விடுமுறை? திரும்பி வந்ததும் எச்சில் பாத்திரங்களும் அழுக்குத் துணிகளும் அவளுக்காகவே காத்திருக்கும்!

பெருமானார் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்றார்கள் அன்னை ஆயிஷா (ரலி). கணவன் வெங்காயம் அரியட்டும். தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பட்டும். திரும்பி வந்தபின் பாத்திரத்தைக் கழுவட்டும். இதற்குக் காசே வேண்டியதில்லை. ஒரு நாளேனும் அவள் கையில் கரண்டி இல்லாதிருப்பதே பல பெண்களுக்குப் பெரிய சுற்றுலா.

தடைகள் இரண்டு

நம் குடும்பங்களில் இதற்குத் தடையாக நிற்பவை பணத்தைத் தவிர இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, "உம்மா என்ன நினைப்பார்கள்?" என்பது. தாயின் மனம் நோகாமல் காப்பது மகனின் கடமை. உம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். முதல் உலா அவர்களோடு ஆகட்டும். ஆனால் மனைவியோடு மட்டும் போகும் மாலையும் ஒன்று இருக்கட்டும். பந்தயத்திற்கு முன் உடன் வந்தவர்களை முன்னே போகச் சொன்னது ஏன் என்று எண்ணிப் பாருங்கள். மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை: மருமகளும் மகனும் சிரித்துக்கொண்டு வீடு திரும்புவது உங்கள் வளர்ப்புக்குக் கிடைத்த பெருமை, பேரப்பிள்ளையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டால் அதில் உங்களுக்கும் பங்குண்டு.

இரண்டாவது, ஊர்ப்பேச்சு. "பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறான்" என்பார்கள். நபி (ஸல்) அவர்கள் ரமளானில் இஃதிகாஃபில் இருந்தபோது அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் காண வந்தார்கள். திரும்பும்போது பெருமானாரும் எழுந்து உடன் நடந்து வழியனுப்பினார்கள். அப்போது அவ்வழியே போன அன்ஸாரிகள் இருவரை நிறுத்தி, இவர் என் மனைவி ஸஃபிய்யா என்று தாமே சொன்னார்கள். பிறர் மனத்தில் தவறான எண்ணம் நுழையாமல் காப்பதற்காகச் சொன்னது அது. எனினும், மனைவியோடு நடப்பதை மறைக்க வேண்டிய ஒன்றாக அவர்கள் கருதவில்லை என்பதும் அதில் விளங்குகிறது. கண்ணியமான உடையோடும் நாணத்தோடும் தன் மனைவியுடன் நடப்பவனைப் பார்த்து ஊர் என்ன சொல்ல இருக்கிறது?

சபுரிலிருந்து நாற்பது நாள் விடுப்பில் வரும் சகோதரர்களுக்கு இது இன்னும் பொருந்தும். வந்த நாள் முதல் உறவினர் வீடு, கல்யாண வீடு, கடன் தீர்த்தல், வீட்டு வேலை என்றே நாட்கள் ஓடிவிடுகின்றன. ஈராண்டு காத்திருந்தவளுக்குக் கிடைப்பது பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும் ஒரு வாசனைப் புட்டிதான். இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் தெருக்கோடி வரை அவளோடு நடந்துவிட்டு வந்தால், அந்தப் புட்டி தீர்ந்த பின்பும் அவள் அதை நினைத்துக்கொண்டிருப்பாள்.

சகோதரிகளுக்கும் நாம் ஒன்று சொல்ல வேண்டும். கணவனின் வருமானம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த வீட்டுப் படங்களை அளவுகோலாக வைத்து அவனை அளக்காதீர்கள். அவன் வாங்கிக் கொடுக்கும் சுண்டலை, "இவ்வளவுதானா?" என்று வாங்கினால் அடுத்த முறை அவன் அழைக்கத் தயங்குவான். இல்லாமையின் வெட்கம் ஆணுக்கு மிகக் கொடியது. பல கணவர்கள் மனைவியை வெளியே அழைத்துச் செல்லாததற்கு, கடைத்தெருவில் அவள் எதையாவது கேட்டு, தான் இல்லை என்று சொல்ல நேருமே என்ற அச்சமும் ஒரு காரணம். "ஒன்றும் வேண்டாம், சும்மா நடந்துவிட்டு வருவோம்" என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். அந்த அச்சம் விலகும்.

இதனாலெல்லாம் வறுமை தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. கூரை அட்டை சூடாகத்தான் இருக்கும். ஜூன் மாதத்துக் கட்டணமும் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் வறுமை எடுத்துக்கொண்டது போக மிஞ்சியிருப்பவற்றை நாமாகவே அதனிடம் ஒப்படைத்துவிட வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். ஒரு மாலைப் பொழுதும், இரண்டு மைல் நடையும், மனம்விட்டுப் பேசும் பேச்சும் இன்னும் நம் கையில்தான் இருக்கின்றன. இந்தக் கோடை முடிவதற்குள் ஒரு நாளைக் குறித்து, அன்று அஸர் தொழுததும், "புறப்படு, போய்வரலாம்" என்று மனைவியிடம் சொல்லுங்கள். எங்கே என்று அவள் கேட்கமாட்டாள்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களில் அன்பையும் அமைதியையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.